லேசர் திசுப் பற்றவைப்பு (சைனஸ் அறுவை மருத்துவம்)

லேசர் திசுப் பற்றவைப்பு என்பது வெட்டுண்ட அல்லது கிழிந்த உடல் திசுவின் விளிம்புகளை, லேசர் (சீரொளி) கதிர் தரும் மிதமான வெப்பத்தால் ஒட்டி மூடும் முறையாகும். ஊசியும் நூலும் எளிதில் நுழைய முடியாத ஒடுங்கிய இடங்களில் காயத்தை மூடுவதே இதன் முதன்மை நோக்கம். மூக்கும் அதைச் சூழ்ந்துள்ள சைனஸ் எனப்படும் முக எலும்புக் காற்றறைகளும் அத்தகைய இடங்கள் ஆகும். லேசர் என்றவுடன் வெட்டுதல், எரித்தல், ஆவியாக்குதல் ஆகியவையே பலரது நினைவுக்கு வருகின்றன. இம்முறை அதற்கு நேர்மாறானது. இங்கு அதே ஒளி, வெட்டுவதற்குத் தேவையானதைவிட மிகக் குறைந்த வெப்பத்தில், இணைப்பதற்காகப் பயன்படுத்தப்படுகிறது.

சைனஸ் அறுவையில் இம்முறை ஆய்வு நிலையைக் கடந்து அன்றாட மருத்துவமாக இன்னும் ஆகவில்லை. எனினும் இதன் அடிப்படைகளை அறிந்துகொள்வது, மருத்துவமனை விளம்பரங்களில் காணப்படும் "லேசர் சிகிச்சை" என்ற சொல்லின் பல்வேறு பொருள்களைப் பிரித்தறிய உதவும்.

சைனஸ்களின் அமைப்பு

மனித முகத்தின் எலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. கன்னத்தில் உள்ளவை மேல்தாடைச் சைனஸ்கள், நெற்றியில் உள்ளவை நெற்றிச் சைனஸ்கள், இரு கண்களுக்கும் இடையில் தேன்கூட்டைப் போலச் சிறு சிறு அறைகளாக உள்ளவை சல்லடை எலும்புச் சைனஸ்கள், மூக்கின் பின்கோடியில் மண்டையோட்டின் நடுவில் உள்ளவை ஆப்பெலும்புச் சைனஸ்கள் ஆகும். இவை யாவும் சிறு துளைகள் வழியாக மூக்கினுள் திறக்கின்றன.

இவ்வறைகளின் உட்புறத்தை ஈரமான சளிச்சவ்வு போர்த்தியுள்ளது. இச்சவ்வின் மேல் கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் உள்ளன. அவை நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, தம்மீது படிந்துள்ள மெல்லிய சளிப் படலத்தை ஒரே திசையில் நகர்த்துகின்றன. தூசியும் கிருமிகளும் இப்படலத்தில் ஒட்டிக்கொண்டு தொண்டைக்குச் சென்று விழுங்கப்படுகின்றன. மூக்கின் முன்பகுதியில் ஒரு துளி சாக்கரின் வைத்தால் ஏறத்தாழ 10 முதல் 20 நிமிடங்களில் நாவில் இனிப்பு தெரியும். நுண்மயிர்களின் இயக்கத்தை அளக்கப் பயன்படும் எளிய சோதனை இதுவே.

இதில் ஒரு வியப்பான செய்தி உண்டு. மேல்தாடைச் சைனசில் சளி எப்போதும் அதன் இயற்கையான துளையை நோக்கியே நகர்கிறது. அத்துளை அறையின் மேற்பகுதியில் இருப்பதால் சளி புவியீர்ப்புக்கு எதிராக ஏற வேண்டியுள்ளது. அறையின் அடிப்பகுதியில் வேறொரு துளையிட்டாலும், சளி அதைச் சுற்றிக்கொண்டு பழைய துளைக்கே செல்கிறது. ஆகவே சைனஸ் அறுவையில் துளையைப் பெரிதாக்குவது மட்டும் போதாது. சளிச்சவ்வு சிதையாமல் இருக்க வேண்டும். சிதைந்தால் விரைவில் ஆறி மீண்டும் நுண்மயிர் முளைக்க வேண்டும். தழும்பு ஏற்பட்ட இடத்தில் நுண்மயிர் இராது. அங்கு சளி தேங்கி நோய் திரும்பும். திசுவைப் பழுதுபார்ப்பது சைனஸ் அறுவையில் முதன்மை பெறுவதற்கு இதுவே காரணம்.

சைனஸ்களின் அண்டை உறுப்புகளும் கருதத்தக்கவை. சல்லடை எலும்புச் சைனசுக்கும் கண்குழிக்கும் இடையில் இருப்பது தாளைப் போன்ற மெல்லிய எலும்புத் தகடு. மேற்புறத்தில் மற்றொரு மெல்லிய தகடு மூளையிலிருந்து மூக்கைப் பிரிக்கிறது. ஆப்பெலும்புச் சைனசின் பக்கச் சுவரை ஒட்டிப் பார்வை நரம்பும், மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் பெருந்தமனியும் செல்கின்றன.

சைனஸ் அறுவையின் வளர்ச்சி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கரான ஜார்ஜ் கால்டுவெல் (1893), பிரான்சு நாட்டவரான ஆன்றி லூக் (1897) ஆகியோர் தனித்தனியே வகுத்த அறுவை முறை கால்டுவெல்-லூக் முறை எனப்படுகிறது. மேலுதட்டின் உட்புறத்தில் வெட்டி, கன்ன எலும்பில் துளையிட்டு, சைனசின் உட்சவ்வைச் சுரண்டி எடுப்பது இம்முறையாகும். பல பத்தாண்டுகள் இதுவே பெருவழக்காக இருந்தது. உட்சவ்வு முழுவதும் நீக்கப்பட்டதால், அதன் பின் அறை தன் இயல்பான பணியைச் செய்வது அரிதாயிற்று.

இங்கிலாந்தின் இயற்பியலாளர் அரோல்டு ஆப்கின்சு வடிவமைத்த கண்ணாடித் தண்டு வில்லைகள் 1960களில் அகநோக்கிகளில் பயன்பாட்டுக்கு வந்தன. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள குழாய் வழியாக மூக்கின் உட்பகுதியைத் தெளிவாகக் காண இவை வழிசெய்தன. ஆசுத்திரியாவின் கிராசு நகரில் வால்ட்டர் மெசர்கிளிங்கர், சளி நகரும் பாதைகளை அகநோக்கி வழியே ஆராய்ந்து, நோயின் வேர் பெரும்பாலும் சல்லடை எலும்புப் பகுதியின் குறுகிய வழிகளில் உள்ளது என்று விளக்கினார். அவருடைய மாணவர் எயின்சு சுடாம்பர்கரும், அமெரிக்காவில் டேவிட் கென்னடியும் இக்கருத்தை உலகெங்கும் பரப்பினர். "செயல்சார் அகநோக்கிச் சைனஸ் அறுவை" என்ற பெயர் 1985இல் கென்னடியால் வழக்குக்கு வந்தது. அடைப்பை மட்டும் நீக்கி, சவ்வை இயன்றவரை காப்பது இதன் கொள்கை.

காயத்தை மூடுவதில் உள்ள சிக்கல்

வயிற்றிலோ காலிலோ வெட்டு ஏற்பட்டால் தையல் போடலாம். மூக்கினுள் இரண்டு நாசித் துளைகளே வழி. அவற்றில் ஒன்றின் வழியாக அகநோக்கியும் மற்றொரு கருவியும் ஒருங்கே செல்ல வேண்டும். வளைந்த ஊசியைத் திருப்பி முடிச்சுப் போட அங்கு இடமில்லை. ஆகவே மூக்கினுள் ஏற்படும் பெரும்பாலான காயங்கள் தைக்கப்படாமல் தாமாகவே ஆறும்படி விடப்படுகின்றன. குருதியை நிறுத்தவும் விளிம்புகள் விலகாமல் இருக்கவும் பஞ்சு, துணித்திரி அல்லது கரையும் பொருள்கள் அடைக்கப்படுகின்றன. இந்த அடைப்பும் அதை நீக்கும் நாளும் நோயாளிக்குத் துன்பம் தருபவை.

சாதாரணச் சைனஸ் அறுவையில் இது பொறுத்துக்கொள்ளக் கூடியதே. ஆனால் மண்டையோட்டின் அடித்தளத்தில் துளை ஏற்பட்டால் நிலைமை வேறு. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள மூளைத் தண்டுவட நீர் அத்துளை வழியாக மூக்கில் கசியத் தொடங்கும். இந்நீரின் மொத்த அளவு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். நாள்தோறும் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. எனவே கசியும் நீர் தீர்ந்துபோவதில்லை. மூக்கிலுள்ள கிருமிகள் அதே வழியாக உள்ளே சென்றால் மூளையுறை அழற்சி உண்டாகி உயிருக்கு ஆபத்து நேரிடலாம். இருசக்கர வாகன விபத்துகளில் ஏற்படும் தலைக்காயங்கள், பிட்யூட்டரிச் சுரப்பிக் கட்டிகளை மூக்கின் வழியாக நீக்கும் அறுவைகள், அரிதாகச் சைனஸ் அறுவையில் ஏற்படும் தவறுகள் ஆகியவை இக்கசிவுக்குக் காரணங்களாகும். குனியும்போது ஒரு நாசியிலிருந்து மட்டும் தெளிந்த நீர் சொட்டுவது இதன் அடையாளம். இதனைச் சாதாரணச் சளி என்று எண்ணிப் பல மாதங்கள் விட்டுவிடுவோர் உண்டு.

இக்கசிவை அடைக்க முதலில் மண்டையோட்டைத் திறந்தே அறுவை செய்யப்பட்டது. அமெரிக்க நரம்பறுவை மருத்துவர் வால்ட்டர் டேன்டி 1926இல் இதனை வெற்றிகரமாகச் செய்தார். 1981இல் செருமனியின் மால்ட்டே விகாண்டு அகநோக்கி வழியாக மூக்கிலிருந்தே அடைக்கும் முறையை வெளியிட்டார். 2006இல் அர்கெந்தீனாவின் ரொசாரியோ நகரைச் சேர்ந்த மருத்துவர்களின் முறை வெளிவந்தது. மூக்கின் இடைச்சுவரிலிருந்து குருதிக் குழாயுடன் கூடிய சவ்வு மடிப்பை எடுத்துத் துளையின் மேல் போர்த்தும் இம்முறை, ஆடாட்-பசகாசுடெகி மடிப்பு எனப்படுகிறது. இன்று அகநோக்கி வழி அடைப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெற்றி கிடைக்கிறது. எஞ்சியவர்களுக்கு மீண்டும் அறுவை தேவைப்படுகிறது. போர்த்திய மடிப்பு எலும்புடன் ஒட்டிக்கொள்ளும் வரையான முதல் சில நாள்களே இடர் மிகுந்தவை. அந்நாள்களில் நோயாளி தும்மினாலோ மூக்கைச் சிந்தினாலோ மலம் கழிக்க முக்கினாலோ மடிப்பு நகர்ந்துவிடக்கூடும். அறுவை முடிந்த நொடியிலேயே நீர் புகாத இணைப்பைப் பெற முடியுமா என்பதே லேசர் பற்றவைப்பு விடைகாண முயலும் வினா.

மருத்துவத்தில் லேசர்

முதல் லேசரை 1960இல் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு உருவாக்கினார். 1964இல் பெல் ஆய்வகத்தில் குமார் பட்டேல் கார்பன் டைஆக்சைடு லேசரை உருவாக்கினார். இவர் 1938இல் மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் பயின்றவர். இந்த லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். திசுவிலுள்ள நீர் இதனை உடனே உறிஞ்சிக்கொள்வதால், கதிர் பட்ட இடம் மட்டும் ஆவியாகிறது. 1970களின் தொடக்கத்தில் பாசுட்டன் நகரில் குரல்வளை அறுவைக்கு இது பயன்படுத்தப்பட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவத்தில் லேசரின் நுழைவு இவ்வாறு நிகழ்ந்தது.

மூக்கு அறுவையில் பயன்படும் பிற லேசர்கள் பின்வருமாறு:

கே.டி.பி. லேசர் – 532 நானோமீட்டர், பச்சை நிறம். குருதியின் சிவப்பணு நிறமி இதனை மிகுதியாக உறிஞ்சுகிறது. குருதிக் குழாய்களை மூடப் பயன்படுகிறது.

டையோடு லேசர் – பெரும்பாலும் 800 முதல் 980 நானோமீட்டர் வரை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கருவி சிறியது, விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. மெல்லிய ஒளியிழை வழியாக அனுப்ப முடியும்.

நியோடிமியம்-யாக் லேசர் – 1064 நானோமீட்டர். திசுவினுள் ஆழமாகச் செல்லும்.

இவற்றின் வழக்கமான பணி வீங்கிய மூக்குச் சுருளெலும்புச் சதையைச் சுருக்குதல், குருதிக் கசிவை நிறுத்துதல், மூக்கில் வளரும் சதையை நீக்குதல் ஆகியவை. இவை யாவும் திசுவை அழிக்கும் பணிகள்.

பற்றவைப்பின் இயற்பியல்

ஒளி திசுவில் உறிஞ்சப்படும்போது வெப்பமாக மாறுகிறது. விளைவு அவ்வெப்பநிலையைப் பொறுத்தது. 45 பாகை செல்சியசுக்கு மேல் சில நிமிடங்கள் இருந்தால் செல்கள் பாதிப்படையத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 60 பாகையில் புரதங்கள் தம் வடிவத்தை இழந்து உறைகின்றன. முட்டையின் வெள்ளைக்கரு வெந்நீரில் வெளுத்துக் கெட்டியாவது இதே நிகழ்வுதான். 100 பாகையில் நீர் ஆவியாகித் திசு வெடிக்கிறது. அதற்கும் மேலே கருகுகிறது. வெட்டும் லேசர் 100 பாகைக்கு மேலே இயங்குகிறது. பற்றவைக்கும் லேசர் 60 முதல் 70 பாகை வரையான குறுகிய இடைவெளிக்குள் நிற்க வேண்டும்.

தோல், சளிச்சவ்வு, குருதிக் குழாய் ஆகியவற்றுக்கு வலிமை தருவது கொலாசன் என்னும் புரதம். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது இது. இவ்வெப்ப எல்லையில் முறுக்கு பகுதியளவு அவிழ்கிறது. அருகருகே வைக்கப்பட்ட இரு விளிம்புகளின் அவிழ்ந்த இழைகள் ஒன்றினுள் ஒன்று புகுந்து, ஆறும்போது பிணைந்துகொள்கின்றன. 1986இல் வெளிவந்த ஆய்வொன்று மின்னணு நுண்நோக்கி வழியாக இத்தகைய கொலாசன் மாற்றத்தைக் காட்டியது.

வெப்பம் குறைந்தால் இழை அவிழாது, ஒட்டாது. கூடினால் இழை சுருங்கிச் சிதைந்து, ஒட்டிய இடம் நொறுங்கும். சுற்றியுள்ள உயிருள்ள செல்களும் மடியும். இந்தச் சில பாகை வேறுபாட்டுக்குள் நிற்பதே இத்துறையின் முதன்மைத் தொழில்நுட்பச் சிக்கல்.

பற்றாசும் சாயமும்

தொடக்ககால முயற்சிகளில் திசுவின் மீது நேரடியாக லேசர் பாய்ச்சப்பட்டது. 1979இல் செயின், கோரிசு ஆகியோர் நியோடிமியம்-யாக் லேசரைக் கொண்டு சிறு குருதிக் குழாய்களை ஒட்டியதை வெளியிட்டனர். இதன் இணைப்பு வலிமை சீராக அமையவில்லை. இரண்டு மேம்பாடுகள் இந்நிலையை மாற்றின.

முதலாவது பற்றாசு. பொற்கொல்லர் இரு பொன் துண்டுகளை இணைக்கும்போது, அவற்றைவிட எளிதில் உருகும் பற்றாசை இடையில் வைத்து ஊதுகின்றனர். மின்சுற்றுப் பலகையில் ஈயம் வைப்பதும் இதே முறை. திசுவில் பற்றாசாகப் பயன்படுவது புரதம். குருதியில் இயல்பாக உள்ள ஆல்புமின் என்னும் புரதத்தின் அடர்கரைசல் காயத்தின் மேல் பூசப்படுகிறது. லேசர் பட்டதும் அது உறைந்து, இரு விளிம்புகளையும் பிடித்துக்கொள்கிறது. 1988இல் சிறுநீர் வடிகுழாய் அறுவையில் புரதப் பற்றாசு சேர்த்தபோது விளைவு மேம்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது சாயம். இண்டோசயனின் பச்சை என்பது 1950களில் இருந்து மருத்துவத்தில் இதயம், கல்லீரல், விழித்திரை ஆகியவற்றைச் சோதிக்கப் பயன்படும் சாயமாகும். இது 800 நானோமீட்டர் அருகில் உள்ள ஒளியை மிக வலுவாக உறிஞ்சும். அதே ஒளியை நீரும் குருதியும் மிகக் குறைவாகவே உறிஞ்சும். எனவே சாயம் கலந்த பற்றாசின் மீது 808 நானோமீட்டர் டையோடு லேசரைப் பாய்ச்சினால், வெப்பம் பற்றாசில் மட்டும் தோன்றுகிறது. சாயம் இல்லாத அண்டைத் திசு பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கிறது. பற்றாசின் நிறம் மாறுவதைக் கொண்டு அது உறைந்ததை மருத்துவர் கண்ணாலேயே அறியலாம்.

தேவைப்படும் ஆற்றலை எளிய கணக்கால் மதிப்பிடலாம். 0.05 கிராம் பற்றாசை நீராகவே கொள்வோம். உடல் வெப்பமான 37 பாகையிலிருந்து 65 பாகைக்கு உயர்த்த 28 பாகை ஏற்றம் தேவை. நீரின் வெப்பக் கொண்மை கிராமுக்கு, பாகைக்கு 4.2 சூல். ஆகவே 0.05 × 4.2 × 28 = ஏறத்தாழ 5.9 சூல். ஒரு வாட் திறனுள்ள லேசரின் ஒளி முழுவதும் உறிஞ்சப்பட்டால் ஆறு நொடிகளில் இது கிடைத்துவிடும். உண்மையில் வெப்பம் திசுவுக்குள்ளும் காற்றிலும் கசிவதால் கூடுதல் நேரம் ஆகும். அறையை ஒளியூட்டும் சிறு விளக்கைவிடக் குறைந்த திறனே இதற்குப் போதுமானது என்பது கவனிக்கத்தக்கது.

சைனஸ் அறுவையில் ஆய்வுகள்

மூக்கினுள் இம்முறையைப் பயன்படுத்தும் ஆய்வுகள் 2000களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றன. பெஞ்சமின் பிளையர், சேம்சு பாமர், நோவம் கோகன் முதலிய மருத்துவர்கள் இதில் ஈடுபட்டனர். செயல்சார் அகநோக்கி அறுவையைப் பரப்பிய டேவிட் கென்னடி 1991 முதல் பணியாற்றிய இடமும் இதுவே.

ஆய்வுகள் மூன்று படிகளாக நடந்தன. முதற்படியில், மூளைத் தண்டுவட நீர்க்கசிவை ஒத்த ஆய்வக மாதிரியில் திசுத் துண்டுகள் ஒட்டப்பட்டன. ஒட்டிய இடத்தின் மீது நீரழுத்தம் படிப்படியாகக் கூட்டப்பட்டு, எந்த அழுத்தத்தில் அது பிளக்கிறது என்று அளக்கப்பட்டது. மண்டையோட்டினுள் நிலவும் அழுத்தம் படுத்திருக்கும்போது பாதரச அளவில் 15 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. இணைப்பு இதனைத் தாங்க வேண்டும். இருமலும் தும்மலும் நொடிப்பொழுதில் ஏற்படுத்தும் கூடுதல் அழுத்தத்தையும் தாங்க வேண்டும்.

இரண்டாம் படியில் முயல்களின் மேல்தாடைச் சைனஸ் சவ்வில் வெட்டு ஏற்படுத்தி ஒட்டப்பட்டது. ஒட்டப்படாத காயங்களுடன் ஒப்பிட்டபோது, ஒட்டப்பட்டவை முதல் நாளிலேயே மிகக் கூடுதலான அழுத்தத்தைத் தாங்கின. தையலோ பசையோ இல்லாத காயம் தொடக்க நாள்களில் எவ்வளவு வலுவற்றது என்பதையும் இவ்வொப்பீடு காட்டியது.

மூன்றாம் படியாக, மனிதரின் மூக்கினுள் இம்முறையைப் பயன்படுத்திய முதல் பட்டறிவு 2010இல் வெளியிடப்பட்டது. இதன் நோக்கம் பாதுகாப்பையும் இயலுமையையும் சோதிப்பதாகும். கசிவு அடைப்பில் வழக்கமான முறையைவிட இது சிறந்தது என்று நிறுவுவதற்குப் பல மருத்துவமனைகளில், பல நோயாளிகளிடம், நெடுங்கால ஒப்பீட்டு ஆய்வுகள் தேவை.

பரவலாகாமைக்கான காரணங்கள்

வெப்பக் கட்டுப்பாடு: கையால் பிடிக்கும் ஒளியிழைக்கும் திசுவுக்கும் உள்ள தொலைவு சற்று மாறினாலும் வெப்பநிலை மாறிவிடும். ஒளிப்புள்ளியின் விட்டம் இருமடங்கானால் ஓரலகுப் பரப்பில் விழும் ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறையும். இசுரேலின் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் கட்சிரின் குழுவினர், திசு வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை மற்றோர் ஒளியிழை வழியாக அளந்து, லேசரின் திறனைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் கருவியை உருவாக்கினர். இது பின்னூட்டக் கட்டுப்பாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

குருதி: மூக்கு குருதி மிகுந்த உறுப்பு. குருதி கலந்தால் பற்றாசு நீர்த்துப்போகும், ஒளியும் மறைக்கப்படும்.

அண்டை உறுப்புகள்: பார்வை நரம்பும் மூளையும் சில மில்லிமீட்டர் தொலைவில் உள்ளன. அங்கு வெப்பம் பரவுவதை ஏற்க முடியாது.

போட்டி முறைகள்: சவ்வு மடிப்பு நோயாளியின் சொந்தத் திசு. அதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. குருதிப் புரதத்தாலான பைபிரின் பசையும் கிடைக்கிறது. ஏற்கனவே நன்கு பயன்படும் முறையைப் புதிய முறை விஞ்சிக் காட்ட வேண்டும்.

ஒப்புதல்: லேசரும் ஆல்புமினும் சாயமும் தனித்தனியே மருத்துவப் பயன்பாட்டில் உள்ளவை என்றாலும், அவற்றின் சேர்க்கை புதிய மருந்துப் பொருளாகவே கருதப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும்.

வெப்பமே இல்லாத மற்றொரு வழியும் ஆராயப்படுகிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு பொது மருத்துவமனையில் ஐரீன் கோசெவார், இராபர்ட் ரெட்மாண்டு ஆகியோர், ரோசு பெங்கால் என்னும் செந்நிறச் சாயத்தின் மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி, கொலாசன் இழைகளுக்கிடையே வேதிப் பிணைப்பை உண்டாக்கும் முறையை வளர்த்தெடுத்தனர்.

கடலூர், சிதம்பரம் பகுதியில்

கடலூர் மாவட்டம் 1993இல் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இம்மாவட்டத்தின் மருத்துவக் கல்லூரி தலைநகரான கடலூரில் இல்லை. அங்கிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தெற்கே, சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் உள்ளது. 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2013இல் பல்கலைக்கழகத்தின் நிருவாகத்தைத் தமிழக அரசு ஏற்றது. எனினும் மருத்துவ மாணவர்களிடம் அரசுக் கல்லூரிகளைவிடப் பன்மடங்கு கட்டணம் பெறப்பட்டது. இதனை எதிர்த்து 2020 திசம்பரில் தொடங்கிய மாணவர் போராட்டம் பல வாரங்கள் நீடித்தது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்லூரியும் மருத்துவமனையும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ்க் கொண்டுவரப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆக்கப்பட்டன.

இக்கட்டுரைப் பொருளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. லேசர் பற்றவைப்பு போன்ற நுட்பத்துக்கு முதலில் தேவைப்படுவது லேசர் அன்று. அகநோக்கி அறுவையில் தேர்ந்த மருத்துவர், மண்டையோட்டின் ஊடுகதிர்க் கணினி வரைவி, நரம்பறுவைத் துறை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இவை ஒருங்கே அமைவது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில்தான். கடற்கரைச் சாலையில் விபத்துக்குள்ளாகி மூக்கில் நீர் கசியும் ஒருவருக்கு, அத்தகைய மருத்துவமனை எவ்வளவு தொலைவில் உள்ளது, அங்கு என்ன கட்டணம் என்பவையே முதல் வினாக்கள்.

கடலூர்ப் பகுதி மக்களுக்கு மருத்துவ லேசர் பெரும்பாலும் கண் மருத்துவத்தின் வழியாகவே அறிமுகமானது. நீரிழிவு நோயாளிகளின் விழித்திரையில் குருதிக் கசிவைத் தடுக்க லேசர் புள்ளிகள் வைப்பது நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. கடலூர் நெடுஞ்சாலையில் தவளக்குப்பத்தில் 2003இல் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை இச்சிகிச்சைக்கு அப்பகுதியினர் நாடும் இடங்களுள் ஒன்று.

2021இல் கோவிட்-19 தொற்றின் இரண்டாம் அலையின்போது, கருப்புப் பூஞ்சை நோய் எனப்படும் மியூக்கோர்மைக்கோசிசு சைனஸ் அறுவையை அனைவரும் அறியும்படி செய்தது. நீரிழிவு உள்ளவர்களையும் சுடீராய்டு பெற்றவர்களையும் இது மிகுதியாகத் தாக்கியது. தமிழக அரசு 2021 மே மாதத்தில் இதனை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. பூஞ்சையால் மடிந்த திசுவை அகநோக்கி வழியாக முழுமையாக அகற்றுவதே இதன் சிகிச்சையில் இன்றியமையாத பகுதி. இந்நோயில் திசுவின் குருதியோட்டமே அடைபட்டிருப்பதால் பற்றவைப்பு பயன்படாது. ஒட்டுவதற்கு இரு விளிம்புகளும் உயிருள்ளனவாக இருத்தல் வேண்டும் என்ற அடிப்படை விதியை இது விளக்குகிறது.

"லேசர் சிகிச்சை" என்னும் சொல்

சைனஸ் தொல்லைக்கு "லேசர் மூலம் வலியின்றித் தீர்வு" போன்ற அறிவிப்புகள் நகரங்களில் காணப்படுகின்றன. இங்குக் குறிப்பிடப்படுவது பொதுவாகச் சுருளெலும்புச் சதையைச் சுருக்கும் லேசரே அன்றி, இக்கட்டுரையில் விளக்கப்பட்ட பற்றவைப்பு அன்று. சைனஸ் அறுவையின் பெரும்பகுதி இன்றும் அகநோக்கி, சிறு இடுக்கிகள், சுழலும் வெட்டுக் கருவி ஆகியவற்றால்தான் செய்யப்படுகிறது. லேசர் பயன்படுத்தப்பட்டது என்பதாலேயே ஓர் அறுவை மேலானதாகிவிடாது. லேசரால் எந்தத் திசு அகற்றப்படும், சைனசின் துளை திறக்கப்படுமா, சளிச்சவ்வு எந்த அளவு காக்கப்படும், கணினி வரைவிப் படம் எடுக்கப்பட்டதா என்பவை நோயாளி கேட்டறிய வேண்டியவை. நொச்சி இலையிட்டு ஆவி பிடித்தலும் உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும் சளியை இளக்கி ஆறுதல் தரும். மூக்கைக் கழுவக் கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். ஒரே நாசியில் தெளிந்த நீர் தொடர்ந்து சொட்டுதல், கண்வீக்கம், பார்வை மங்கல், கடுந்தலைவலியுடன் காய்ச்சல் ஆகியவை இருப்பின் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும்.

பாதுகாப்பு

அறுவை லேசர்கள் பெரும்பாலும் மிக உயர்ந்த இடர் வகையான நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. 808 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்வில்லை அதனை விழித்திரையில் குவித்துவிடும். கண் கூசாததால் இமை மூடும் இயல்பான காப்பும் கிடைக்காது. ஆகவே அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியை அறையில் உள்ள அனைவரும் அணிய வேண்டும். நோயாளியின் கண்களும் மூடிக் காக்கப்படும். மயக்க மருந்துடன் தரப்படும் ஆக்சிசன் மூச்சுக்குழாயின் அருகில் தீப்பற்றும் வாய்ப்பு உள்ளதால் அதன் அளவு குறைக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

சீரொளி
அகநோக்கி
கொலாசன்
மூளைத் தண்டுவட நீர்
மூளையுறை அழற்சி
அண்ணாமலைப் பல்கலைக்கழகம்
கடலூர் மாவட்டம்